சமாதானம் கொடுக்குற நேரத்துல அவர் கைய எப்படி பிடிக்கிறது?

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, வீட்ல பேச முடியல, சபையில யார்கிட்டயும் சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிரும், அதான் இங்க எழுதுறேன்.

எங்களுக்கு திருநெல்வேலி பக்கம், சிஎஸ்ஐ சபை, அதான் தென்னிந்திய திருச்சபை. தாத்தா காலத்துலேர்ந்து அதே கோயில்தான். அப்பா ரொம்ப வருஷம் சபை பொருளாளரா இருந்தாங்க, சபையே சேந்து சாப்பிடுற அசன பண்டிகை கணக்கு, கட்டிட நிதி கணக்கு எல்லாம் அவங்க கையிலதான். கமிட்டி எலெக்‌ஷன் வந்தா எங்க ஊர்ல எப்படின்னு உங்களுக்கே தெரியும், ரெண்டு அணி ஆயிரும், சொந்தக்காரங்களே பேசிக்க மாட்டாங்க. அப்படி ஒரு எலெக்‌ஷனுக்கு முன்னாடி நடந்த பொதுக்கூட்டத்துல அப்பாவோட சின்ன வயசு கூட்டாளி, நான் மாமான்னு கூப்பிடுறவரு, எந்திரிச்சு நின்னு கட்டிட நிதியில கையாடல் நடந்திருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அப்பா பேர சொல்லியே சொன்னாரு. அப்புறம் ஆடிட் பண்ணாங்க, ஒண்ணும் இல்ல, சில பில்லு காண்ட்ராக்டர்கிட்டயே இருந்துருக்கு அவ்ளோதான், பணம் சரியா இருந்துச்சு. ஆனா அத யாரும் சபையில சொல்லவே இல்ல. கையாடல்னு மைக்ல சொன்னாங்க, இல்லன்னு ஆனதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

அப்பா அதுக்கப்புறம் கடைசி பெஞ்சில உக்கார ஆரம்பிச்சாங்க. பாட்டு பாடுறது நின்னுபோச்சு. போன வருஷம் தவறிட்டாங்க. அடக்கத்துக்கு அந்த மாமா வந்தாரு, நல்ல மனுஷன்னு சொல்லி அழுதாரு, ஆனா அந்த விஷயத்த பத்தி வாயே திறக்கல.

இப்போ என் பிரச்சனை என்னன்னா, என்னால திருவிருந்து, அதான் அப்பமும் ரசமும் கொடுக்குற பந்தி, எடுக்க முடியல. ஆராதனையில ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சு சமாதானம் கொடுக்குற நேரம் வருதுல்ல, அப்போ நான் எந்திரிச்சு வெளிய போயிர்றேன். பரமண்டல ஜெபம் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" அந்த இடத்துல தொண்டை அடைச்சுக்குது, வாய மூடிக்கிறேன். ராத்திரி தூக்கம் வரல. அம்மா விட்ரும்மா விட்ருன்னு சொல்றாங்க. எங்க சபை போதகர் ஐயர்கிட்ட தனியா போய் கேட்டேன், மன்னிக்காம பந்தியில சேர்ந்தா ஆக்கினைத்தீர்ப்புன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் பயமும் சேர்ந்துகிச்சு. எனக்கு தெரிய வேண்டியது இதுதான், மன்னிப்பே கேக்காத ஒருத்தர மன்னிக்கணுமா? அதுவரைக்கும் நான் பந்திக்கு வெளியதானா? ஆண்டவர் என்னை தள்ளிட்டாரோன்னு தோணுது.

சீயோன்வழி எழுதியது:

சிஸ்டர், உங்க வேதனை புரியுது. ஆனா வசனம் வசனம்தான். "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்", மத்தேயு 6:15. அவரு கேட்டாரா கேக்கலயான்னு அதுல இல்ல. சிலுவையில தொங்கும்போது யாரும் இயேசுகிட்ட மன்னிப்பு கேக்கல, அப்பவும் பிதாவே இவர்களுக்கு மன்னியும்னு ஜெபிச்சார். கசப்ப வச்சுக்கிட்டா அது உங்களத்தான் அரிக்கும். இன்னைக்கு ராத்திரியே முழங்கால்ல நின்னு மன்னிச்சுட்டேன் ஆண்டவரேன்னு சொல்லிருங்க, சமாதானம் தானா வரும். நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

சீயோன்வழி பிரதர் சொன்ன வசனம் உண்மைதான், ஆனா இன்னைக்கு ராத்திரியே சொல்லிருங்க தானா வரும்னு சொல்றது எனக்கு ஒத்துக்க முடியல. இந்த தங்கச்சி அத எத்தனை தடவை சொல்லிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க. சொல்லியும் வரலன்னுதான இங்க வந்து எழுதிருக்காங்க.

மத்தேயு 18ல பேதுரு ஏழுதரமான்னு கேக்குறான், ஏழெழுபதுதரமட்டும்னு ஆண்டவர் சொல்றார், அத எல்லா பிரசங்கத்துலயும் கேட்ருக்கோம். ஆனா அதே அதிகாரத்துல அதுக்கு முன்னாடி 15ம் வசனம் இருக்கு, உன் சகோதரன் உனக்கு விரோதமா குற்றம் செஞ்சா நீயும் அவனும் தனியா இருக்கும்போது அவன் குற்றத்த அவனுக்கு உணர்த்துன்னு. கேக்கலன்னா ரெண்டொருத்தர கூட்டிட்டு போ, அப்பவும் கேக்கலன்னா சபைக்கு சொல்லு. இந்த மூணு படியையும் தாண்டிட்டு நேரா ஏழெழுபதுக்கு போயிர்றோம் நம்ம. பாதிக்கப்பட்டவங்ககிட்ட மன்னின்னு சொல்றது சுலபம், தப்பு செஞ்சவர்கிட்ட போய் நீங்க சொன்னது தப்புன்னு நிரூபணம் ஆயிருச்சு அத சபையில சொல்லுங்கன்னு சொல்றதுக்குத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. உங்க ஐயர் உங்ககிட்ட அந்த ஆக்கினைத்தீர்ப்பு வசனம் வர்ற 1 கொரிந்தியர் 11 பேசுனாங்க சரி, அந்த மாமாகிட்ட போய் யாராவது மத்தேயு 5:23 பேசுனாங்களா? "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தா காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னாடி வச்சிட்டு போய் ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகுன்னு இருக்கு. தங்கச்சிக்கு அவர்மேல குறை இருக்கு, அப்போ எந்திரிச்சு போக வேண்டியது அவருதான். நீங்க போறீங்க வெளிய, அவரு உள்ள உக்காந்து பந்தியில சேர்றாரு, இது தலைகீழா இருக்கு.

இன்னொன்னு. 55ம் சங்கீதத்த எடுத்து படிங்க. நிந்திச்சவன் சத்துரு இல்ல, சத்துருவா இருந்தா சகிச்சிருப்பேன்னு சொல்லிட்டு, என் தோழனுமாகிய நீயே அவன்னு சொல்றார். அடுத்த வரி "நாம் ஒருமித்து, இன்பமான ஆலோசனைபண்ணி, கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்". கூட கோயிலுக்கு போன கூட்டாளியேதான். உங்க அப்பா கதைதான் அது. அந்த சங்கீதத்துல கோபம் அப்படியே கொட்டிக் கிடக்கு, பக்கத்துல உக்காந்து கேட்டா பயமா இருக்கும், ஆனா அது வேதத்துல இருக்கு, ஜெபமா இருக்கு. அதனால கோபமா இருக்கேன் ஆண்டவர் தள்ளிட்டாரோன்னு நினைக்காதீங்க. அந்த கோபத்தையே அவர்கிட்ட கொண்டுபோங்க, மனுஷங்ககிட்ட மறைக்கிற மாதிரி அவர்கிட்டயும் மறைக்க வேண்டாம்.

பழைய உபதேசியார் எழுதியது:

மகளே, நான் கிராமத்து சபைகள்ல பல வருஷம் ஊழியம் பாத்து ஓய்வானவன். எலெக்‌ஷன் வந்தா சபை என்ன பாடு படும்னு கிட்ட இருந்து பாத்தவன். உங்க கேள்வியில பந்தி பத்தி கேட்டதுக்கு மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அதுலதான் உங்களுக்கு பயம் ஏறியிருக்கு.

1 கொரிந்தியர் 11ல "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமன்னு பவுல் சொல்றது எதுக்குன்னு மேல 20, 21, 22 வசனம் படிச்சா தெரியும். கொரிந்துல வசதியானவங்க முந்திக்கிட்டு சாப்பிட்டாங்க, ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் குடிச்சு வெறியா இருக்கான், இல்லாதவங்கள வெக்கப்படுத்துறாங்க. அதத்தான் கண்டிக்கிறார். இன்னொருத்தர வெக்கப்படுத்திட்டு அத பத்தி கவலையே இல்லாம பந்தியில உக்கார்றதுக்குத்தான் அந்த எச்சரிப்பு. உடைஞ்ச மனசோட, என்னால முடியலையேன்னு அழுதுட்டு வர்ற பிள்ளைக்கு சொன்னது இல்ல. 28ம் வசனத்த முழுசா பாருங்க, தன்னைத்தானே சோதித்தறிஞ்சு புசிக்கக்கடவன்னு இருக்கு. சோதிச்சுட்டு தள்ளி நில்லுன்னு இல்ல, சோதிச்சுட்டு வான்னு இருக்கு.

சண்டைக்காரங்க பந்தியில சேர்றத பத்தி சபை ஆதியிலேர்ந்தே யோசிச்சிருக்கு. திதாகேன்னு ரொம்ப பழைய கிறிஸ்தவ நூல் ஒண்ணு இருக்கு, அதுல கூட்டாளியோட சண்டை உள்ளவன் ஒப்புரவாகுற வரைக்கும் கூடிவரக் கூடாதுன்னு சொல்லிருக்கு. உங்க ஐயர் சொன்னது காத்துல வந்தது இல்ல, அந்த வழியில வந்ததுதான். ஆனா நம்ம மிஷன் காலத்து முன்னோர் பயன்படுத்துன இங்கிலாந்து சபையோட ஜெபப்புத்தகம், 1662ல வந்தது, அதுல திருவிருந்து முறைமைக்கு முன்னாடி குருவுக்கு ஒரு கட்டளை போட்டிருக்காங்க. ரெண்டு பேருக்குள்ள பகை இருந்தா ஒப்புரவாகுற வரைக்கும் சேக்காதன்னு சொல்லிட்டு, அதோட விடாம இன்னும் ஒண்ணு சொல்லுது. ஒருத்தர் மனசார மன்னிக்கவும் தன் பக்கத்து தப்ப சரிசெய்யவும் ஆயத்தமா இருந்து, இன்னொருத்தர் பிடிவாதமா இருந்தா, ஆயத்தமா இருக்குறவர பந்தியில சேத்துக்கணும், பிடிவாதக்காரர சேக்கக் கூடாது. அதாவது எதிராளி மனம் திரும்புற வரைக்கும் நீங்க வெளிய காத்திருக்கணும்னு அந்த கட்டளை சொல்லல. ஒப்புரவுக்கு ரெண்டு பேர் வேணும், மன்னிக்க மனசு வைக்கிறதுக்கு ஒருத்தர் போதும். ரோமர் 12:18லயும் "கூடுமானால் உங்களாலானமட்டும்"னு பவுல் எல்லை போட்டுத்தான் சொல்றார்.

மன்னிக்க ஆயத்தம்னா மனசுல வலியே இல்லாம போறதுன்னு நினைச்சுக்காதீங்க. அவருக்கு கெடுதல் வரணும்னு நான் வேண்ட மாட்டேன், பழிக்கு பழி வாங்க மாட்டேன், அவரு உண்மைய ஒத்துக்கிட்டு வந்தா கதவ சாத்த மாட்டேன், இந்த அளவு உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா வாங்க பந்திக்கு. அதுவும் இன்னைக்கு முடியலன்னா, எனக்கு அந்த மனசத் தாரும்னு கேட்டுட்டு வாங்க. இந்த பந்தி நோயாளிக்கு மருந்துன்னு, சபைய சீர்திருத்துனவங்கள்ல ஒருத்தரான கால்வின் எழுதிருக்கார். சுகமான பிறகு சாப்பிடுறதுக்கு யாரும் மருந்து வைக்கிறது இல்ல.

அப்புறம் அந்த சமாதானம் கொடுக்குறது. நம்ம சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல உருவாச்சு, 1950ல புது திருவிருந்து முறைமை வந்தப்போ இந்த சமாதானத்த அதுல சேத்தாங்க. கேரளத்து சிரியன் சபைகள்ல விடாம இருந்த பழக்கம் அது. அப்புறம் வெளிநாட்டு சபைகளே நம்மளப் பாத்து எடுத்துக்கிட்டாங்க. குருவானவர் பீடத்துலேர்ந்து கொடுக்குறார், அது கை மாறி கை மாறி கடைசி பெஞ்சு வரைக்கும் வரும், வலது உள்ளங்கைய வலது உள்ளங்கையில வச்சு இடது கையால மூடுறது பழைய முறை. இப்போ பல இடத்துல கும்பிடோ கை குலுக்கலோ ஆயிருச்சு. நான் சொல்ல வர்றது, அது அவரோட சமாதானமும் இல்ல உங்களோட சமாதானமும் இல்ல, பீடத்துலேர்ந்து வர்றது. அதுக்காக அவர் கையத்தான் பிடிக்கணும்னு இல்ல. பக்கத்துல இருக்குற பாட்டியம்மா கைய பிடிங்க. வெளிய மட்டும் போகாதீங்க, உங்க அப்பா உக்காந்த கோயில் அது.

கடலோரம் எழுதியது:

அக்கா நான் கத்தோலிக்க பொண்ணு, தூத்துக்குடி. இங்க கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா பத்தி யாரும் சொல்லலயேன்னு எழுதுறேன். 1999 ஜனவரி, ஒடிசாவுல மனோகர்பூர்ல அவங்க வீட்டுக்காரர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் ரெண்டு பசங்களையும், பிலிப்புக்கு 10 வயசு, தீமோத்தேயுக்கு 6 வயசு, ஜீப்ல தூங்கும்போது உயிரோட எரிச்சாங்க. அவங்க மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க. ஊர விட்டும் ஓடல, மக எஸ்தரோட பாரிபடாவுலயே இருந்து தொழுநோயாளிங்கள பாத்துக்கிட்டாங்க, 2004 வரைக்கும். 2005ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவங்களாலயே முடிஞ்சுதுன்னா நமக்கும் ஆண்டவர் கிருபை தருவார்க்கா.

எங்கள்ல பாவசங்கீர்த்தனம் இருக்குறதால இந்த மாதிரி விஷயத்த ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லிர முடியுது, சாமியார் அத வெளிய சொல்லவே கூடாது, உயிரே போனாலும். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேணும்க்கா. ஊருக்கு வெளிய உள்ள வேற ஒரு ஐயர்கிட்டயாவது போய் பேசுங்க.

வைகைக்கரை எழுதியது:

கடலோரம் தங்கச்சி, கிளாடிஸ் அம்மா மேல எனக்கு பெரிய மரியாதை. ஆனா அவங்க உதாரணத்த வச்சு நீயும் மன்னின்னு சொல்லும்போது ரெண்டு விஷயத்த விட்டுர்றோம். அவங்க மன்னிச்சாங்க, ஆனா கேஸ் நடந்துச்சு, சாட்சி சொன்னாங்க, குற்றவாளிக்கு 2003ல மரண தண்டனை கொடுத்து 2005ல ஹைகோர்ட் ஆயுள் தண்டனையா மாத்துச்சு, 2011ல சுப்ரீம் கோர்ட்டும் ஆயுள்னு உறுதி பண்ணுச்சு. மன்னிப்பு வேற சட்டம் வேறன்னு அவங்க தெளிவா இருந்தாங்க. நடந்தது என்னன்னு நாட்டுக்கே தெரியும். இங்க இன்னைக்கும் அந்த அப்பா பேர்ல கறை இருக்கு. அதுவும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே கூரைக்கு கீழ உக்காரணும். யாரு வலி பெருசுன்னு நான் அளக்கல, இது வேற மாதிரி வலின்னு சொல்றேன்.

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உபதேசியார் ஐயா எழுதுனத படிச்சுட்டு அழுதேன், அப்பா போனதுக்கப்புறம் இப்படி அழுததே இல்ல. அந்த பழைய ஜெபப்புத்தக விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. நான் வெளிய நிக்கிறதுதான் நியாயம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஐயா சொன்ன மூணயும் யோசிச்சு பாத்தேன். கெடுதல் வரணும்னு வேண்டல, அது உண்மை. பழி வாங்கவும் தோணல. மூணாவதுதான் கஷ்டமா இருக்கு, அவரு வந்து கேட்டா நான் என்ன செய்வேன்னு தெரியல. ஆனா ஒண்ணு புரிஞ்சுது, எனக்கு அவர்மேல இருக்குற கோபத்த விட அப்பா பேர் அப்படியே கிடக்குதேன்னுதான் வயிறு எரியுது. அவரு என்கிட்ட மன்னிப்பு கேக்கலன்னா கூட பரவால்ல, சபையில அது சரியாகணும். அத கேக்குறது பழி வாங்குறதா? அம்மா செத்துப்போன மனுஷனுக்காக எதுக்கு சண்டைன்னு பயப்படுறாங்க.

பழைய உபதேசியார் எழுதியது:

பழி இல்ல மகளே. அப்பா பேர் சுத்தம்னு சொல்லச் சொல்றீங்க, யாருக்கும் தண்டனை கேக்கல. குற்றச்சாட்டு பொதுக்கூட்டத்துல வந்ததுன்னா அது மினிட்ஸ் புக்ல ஏறியிருக்கும். ஆடிட் அறிக்கையும் கமிட்டிக்கு வந்திருக்கணும். சேகரத்து, அதாவது ஒரு போதகருக்கு கீழ உள்ள சபை வட்டாரத்து தலைவர் உங்க ஐயர்தான், அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, கோபம் இல்லாம ரெண்டே விஷயம், ஆடிட் முடிவ அடுத்த பொதுக்கூட்டத்துல வாசிக்கணும், அத மினிட்ஸ்ல பதியணும். அந்த மாமா பேர அதுல எழுத வேண்டாம், தேவையும் இல்ல. ஒரு காப்பி வச்சுக்கோங்க. உங்க அம்மாவும் கையெழுத்து போட்டா நல்லது, ஆனா வற்புறுத்த வேண்டாம்.

அந்த மாமாகிட்ட போறத அப்புறம் பாத்துக்கலாம். போறதா இருந்தா தனியா போக வேண்டாம், ரெண்டு பேருக்கும் வேண்டிய ஒரு பெரியவர கூட்டிட்டு போங்க. யோசேப்பு அண்ணன்மார பாத்த உடனே நான்தான் யோசேப்புன்னு சொல்லிரல, ஆதியாகமம் 42லேர்ந்து 45 வரைக்கும் இழுக்குது அது, நடுவுல ஒதுங்கிப் போய் அழுறார். அவருக்கே அவ்ளோ காலம் ஆச்சு. உங்கள யாரும் அவசரப்படுத்த வேண்டாம், நீங்களும் உங்கள அவசரப்படுத்தாதீங்க.

சீயோன்வழி எழுதியது:

சிஸ்டர், நான் மேல எழுதுன வசனத்துல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, மன்னிக்கணும்தான். ஆனா உபதேசியார் ஐயா சொன்ன மாதிரி கடிதம் எழுதுறது அதுக்கு எதிர் இல்லன்னு எனக்கும் படுது. பவுலும் பர்னபாவும் மாற்கு விஷயத்துல கடுங்கோபம் மூண்டு பிரிஞ்சே போனாங்க, அப்போஸ்தலர் 15. ரொம்ப காலம் கழிச்சு 2 தீமோத்தேயு 4:11ல அதே மாற்குவ கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமுள்ளவன்னு பவுல் எழுதுறார். நடுவுல எப்படி சரியாச்சுன்னு வேதத்துல இல்ல. தூக்கம் வராம இருக்குறதுக்கு டாக்டரையும் பாத்துருங்க, துக்கம் உடம்புலயும் இறங்கும், அது விசுவாசக்குறைவு கிடையாது. எங்க ஜெபக்குழுவுல பேர் சொல்லாம உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

மழைத்துளி எழுதியது:

கடிதம் எழுதிட்டேன். அம்மாகிட்ட வாசிச்சு காட்டுனேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் அப்பாவோட முழுப்பேர போடு இனிஷியலோடன்னு சொன்னாங்க. கையெழுத்தும் போட்டாங்க. ஐயரவாள்கிட்ட இந்த வாரம் கொடுக்கப்போறோம். வர்ற முதல் ஞாயிறு திருவிருந்து இருக்கு. போகலாம்னு இருக்கேன், அம்மா பக்கத்துல உக்காந்துக்கிறேன், மாமா பக்கம் திரும்புவேனான்னு இப்போ சொல்லத் தெரியல.

உபதேசியார் ஐயா, ஆடிட் காப்பி எங்ககிட்ட இல்ல, கமிட்டியில கேட்டா தருவாங்களா, இல்ல மேல டயோசிஸ், அதான் திருமண்டல ஆபீஸ்ல கேக்கணுமா?

பழைய உபதேசியார் எழுதியது:

முதல்ல உங்க கமிட்டி செக்ரெட்டரிகிட்ட எழுத்துல கேளுங்க, வாய்ல கேட்டா நாளைக்குன்னு தள்ளுவாங்க. தரலன்னா ஐயர் மூலமா மேல கேளுங்க. உங்க அப்பா பொருளாளரா இருந்தவங்க, அவங்க காலத்து கணக்க பத்தின அறிக்கை, குடும்பம் கேக்குறதுல தப்பே இல்ல. கடிதத்துலயே அதையும் ஒரு வரி சேத்துருங்க.